சிடி மாதிரியே இருந்துச்சா? அப்புறம் எதுக்குய்யா கச்சேரி?

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மேற்குத் தாம்பரம் சண்முகம் ரோட்டுப் பக்கம் ஒரு டீக்கடை. வெளிநாட்டிலிருந்து லீவுக்கு வந்திருந்த நண்பர் ஒருத்தர், அங்கே தான் பார்த்த ஒரு சினிமாப் பாட்டுக் கச்சேரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கெட் விலை, பார்க்கிங், முன் வரிசையில் யார் யார் உட்கார்ந்திருந்தார்கள், இடைவேளையில் சமோசா என்ன விலை, எல்லாம் வந்தது. பாட்டைப் பற்றி மட்டும் ஒண்ணும் வரலை. நானே கேட்டேன், "பாட்டு எப்படிங்க இருந்துச்சு?"

மனுஷன் முகம் மலர்ந்து சொன்னார்: "சூப்பர்ங்க. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா அப்படியே சிடி மாதிரியே இருந்துச்சு!"

எனக்கு டீ புரை ஏறிடுச்சு.

இதை அவர் பாராட்டாத்தான் சொல்றார். நாமளும் பாராட்டாத்தான் சொல்லிக்கிட்டு இருக்கோம், இருபது வருஷமா. கல்யாண வீட்டுல சமையல்காரரைக் கூப்பிட்டு, "சாம்பார் அப்படியே பாக்கெட்டுல வாங்கின பொடியைக் கரைச்ச மாதிரியே இருந்துச்சுங்க"ன்னு சொல்லிப் பாருங்க. கரண்டியாலேயே ஒண்ணு போடுவார். ஆனா மேடையில வியர்க்க வியர்க்க வாசிச்ச நாப்பது பேர்கிட்ட இதையே சொன்னா அவங்க கும்பிட்டுச் சிரிச்சுட்டுப் போகணும்!

இந்த "சிடி மாதிரி" வியாதியைப் பற்றி ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுக்கிட்டே இருந்தேன். இன்னிக்கு எழுதிடறேன். ஆட்டோ அனுப்புறவங்க தாம்பரம் மேம்பாலம் வழியா வாங்க, பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்தா மாட்டிக்குவீங்க.

மொடேனா

என்கிட்ட ஒரு சிடி இருக்கு. இளையராஜா 2004ல் இத்தாலியில் மொடேனாங்கிற ஊரில் நடத்தின கச்சேரியின் பதிவு. 'மியூசிக் ஜர்னி - லைவ் இன் இத்தாலி'ன்னு வந்தது. நண்பன் ஒருத்தன் பிறந்த நாளுக்குக் கொடுத்தான். ராஜாவின் மேடைக் கச்சேரின்னு முறையா ஆல்பமா வந்து என் கைக்குக் கிடைச்சது அது ஒண்ணுதான்.

கச்சேரி நடந்த இடத்தைப் பத்தி முதல்ல ஒரு வார்த்தை. தியேட்ரோ கொமுனாலே, 1841ல் திறந்த ஓபரா அரங்கம். பாவரொட்டி பிறந்த ஊர் அது. அவர் 2007ல் இறந்த பிறகு அரங்கத்துக்கே அவர் பேரை வெச்சுட்டாங்க. கூப்பிட்டது யாருன்னு பாருங்க: ஆஞ்சலிகாங்கிற சர்வதேச இசை விழா. புது மாதிரியான இசை, சோதனை இசைன்னு தேடிப் பிடிச்சு மேடை ஏத்துறவங்க. அந்த விழாவின் பதினாலாவது வருஷம். 'லால்த்ரோ சுவோனோ', அதாவது 'இன்னொரு ஒலி'ன்னு அர்த்தம், அந்தப் பேர்ல நடக்கிற இன்னொரு விழாவோட சேர்ந்து நடத்தினாங்க. ஆக, பொங்கல் விழாவுக்குத் தமிழ்ச் சங்கம் கூப்பிட்டு நட்சத்திர இரவு நடத்தின கதை இல்லை. "இந்த மனுஷன் இசையமைப்பாளர், இவர் இசையைக் கேட்போம்"னு கூப்பிட்ட கச்சேரி.

2004ங்கிறது நம்ம ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. அந்த வருஷம்தான் பீச் - தாம்பரம் மீட்டர் கேஜ் மின்சார ரயில் நின்னுபோச்சு. 1931லிருந்து ஓடினது. அந்த வண்டி பல்லாவரம் தாண்டும்போது போடுற தாளம் ஒண்ணு இருக்குமே, இந்தப் பக்கத்துக்காரங்களுக்குத் தெரியும். யாராவது பதிவு பண்ணி வெச்சிருக்கீங்களா? நான் வெச்சுக்கலை. அப்போ தோணலை, தினமும் கேக்குறதுதானேன்னு. போன பிறகுதான் அது ஒரு சத்தம்னே தெரிஞ்சுது. இதை ஏன் சொல்றேன்னு கடைசியில் புரியும்.

இந்த மொடேனா சிடியை நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினப்போ ரெண்டு விதமான எதிர்வினை வந்தது. ரெண்டுமே எனக்கு எரிச்சல்.

முதல் கோஷ்டி: "ஒரிஜினல்தான் இருக்கே, இதை எதுக்குக் கேக்கணும்? அந்த எஃபெக்ட் இதுல இல்லையே!" ரெண்டாவது கோஷ்டி: "பாத்தியா, வெள்ளைக்காரனே ஒத்துக்கிட்டான்!" இவர்களில் நிறைய பேர் சிடியை முழுசாக் கேட்டதே கிடையாது. அட்டையில் இத்தாலின்னு போட்டிருக்கு, அது போதும். குரோம்பேட்டையில் சர்ட் எடுத்துட்டு வெளிநாட்டு லேபிளைத் தேடுற அதே புத்திதான்.

ரெண்டாவது கோஷ்டியை விட்டுடலாம், சர்டிபிகேட் வாங்கிட்டுத் தூங்கப் போயிடுவாங்க. முதல் கோஷ்டி ஆபத்தானது. அவங்க கேக்கிறது நியாயமான கேள்வி மாதிரியே இருக்கும். அதனால அதுக்கு ஒழுங்கா பதில் சொல்லணும்.

"எழுதி வெச்ச இசைதானே?"

அவங்க வாதத்தை அவங்களைவிட நல்லாவே நான் சொல்றேன். ராஜாவின் இசை எழுதப்பட்ட இசை. எந்த வயலின் எந்த இடத்தில் எந்த ஸ்வரம்னு தாள்ல இருக்கு. மேடையில் அவரவர் இஷ்டத்துக்கு மாத்தி வாசிக்கிற வேலையே கிடையாது. தப்பு வந்தா மேடையிலேயே நிறுத்தி, மறுபடி முதல்ல இருந்து வாசிங்கன்னு சொல்றவர் ராஜா. அப்படிப்பட்ட இசையில் லைவ்னு தனியா என்ன இருக்கப் போகுது? ஸ்டுடியோல வாசிச்சதுதான் சுத்தம், மேடை அதோட நகல். நகல் எவ்வளவு நெருங்குதோ அவ்வளவு மார்க். சரிதானே?

சரியில்லை. பேத்தோவனோட ஐந்தாம் சிம்பொனியும் எழுதி வெச்சதுதான். ஒரு புள்ளி மாத்தக் கூடாது. அப்புறம் ஏன் உலகம் அதை நூத்துக்கணக்குல பதிவு பண்ணிக்கிட்டே இருக்கு? கார்லோஸ் கிளைபர் எழுபதுகளில் வியன்னாவில் பதிவு பண்ணினதை ஒருத்தன் கொண்டாடுவான். போர் முடிஞ்சு 1947ல் பெர்லினுக்குத் திரும்பி வந்த ஃபுர்ட்வாங்லர் நடத்தின மேடைப் பதிவுதான் உசத்தின்னு இன்னொருத்தன் சண்டைக்கு வருவான். ரெண்டுலயும் அதே தாள், அதே ஸ்வரம். ஆனா வேகம் வேற, மூச்சு வேற, நிறுத்தற இடத்துல இருக்கிற மௌனம் வேற. எழுதின இசைக்குத்தான் திரும்பத் திரும்ப வாசிச்சுப் பாக்கிற தேவை அதிகம். தாள்ல இருக்கிறது பாதிதான், மீதி வாசிக்கிறவன் கையில இருக்கு.

ராஜா மேடையில் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கச் சொல்றதைக் கிண்டல் பண்ணுவாங்க, இல்லே கோவப்படுவாங்க. "காசு குடுத்து வந்திருக்கோம், ரிகர்சல் நடத்துறாரு"ன்னு. எனக்கு அந்த நிமிஷம்தான் கச்சேரியிலேயே விலை மதிப்பில்லாதது. நமக்கு நல்லாத்தான் இருந்துச்சுன்னு தோணின இடத்துல அந்த ஆளுக்கு என்ன தப்பாக் கேட்டுச்சு? மறுபடி வாசிக்கும்போது என்ன மாறிச்சு? ஒரு இசையமைப்பாளரோட காதுக்குள்ள நம்மளைக் கூட்டிட்டுப் போற வாசல் அது. ஸ்டுடியோப் பதிவுல அதையெல்லாம் வெட்டித்தானே நமக்குத் தர்றாங்க?

நமக்கா கேக்கத் தெரியாது?

இன்னொரு வேடிக்கை. நமக்கு லைவ் கேக்கத் தெரியாதுன்னு சொன்னா அது பொய். நல்லாவே தெரியும்.

சபாக் கச்சேரிக்குப் போற மாமாக்களைக் கேளுங்க. "அந்த வருஷம் டிசம்பர்ல அவர் பாடின தோடி இருக்கே, அது மாதிரி அவரே அப்புறம் பாடலை"ன்னு சொல்வாங்க. வயலின் யாரு, மிருதங்கம் யாரு, கடம் யாரு, எல்லாம் சொல்வாங்க. யாராவது "அப்படியே கேசட் மாதிரி பாடினார்"னு சொன்னா அது வசவு! எம்.எஸ். 1966 அக்டோபரில் ஐ.நா. சபையில் பாடினதும், 1977ல் நியூயார்க் கார்னகி ஹாலில் பாடினதும் இன்னிக்கும் வீடுகள்ல ஒலிக்குது. கார்னகி ஹால் பதிவை ஸ்டுடியோப் பதிவோட ஒப்பிட்டு யாரும் மார்க் போடுறதில்லை. அது ஒரு நாள், ஒரு ஊர், ஒரு சபை.

ஜான் மெக்லாஃப்லினோட 'சக்தி' குழு. அவங்க முதல் ஆல்பமே 1975 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி ஒண்ணுல நடந்த கச்சேரியின் பதிவுதான். அதுல கடம் வாசிக்கிறவர் நம்ம விக்கு விநாயக்ராம். அதே குழு 'ரிமெம்பர் சக்தி'யா மறுபடி கூடினப்போ மாண்டலின் ஸ்ரீநிவாஸ் சேர்ந்தார். 1999ல் ஐரோப்பா சுத்தினப்போ பதிவானதை ஆல்பமாப் போட்டாங்க. ஸ்ரீநிவாஸ் 2014ல், நாப்பத்தஞ்சு வயசுல போயிட்டார். அந்தச் சுற்றுப்பயணத்தை எவனோ ஒருத்தன் ஒழுங்கா மைக் வெச்சுப் பதிவு பண்ணினதால இன்னிக்கு நமக்கு அந்த ராத்திரிகள் இருக்கு.

ஆக சபாவுல உட்கார்ந்தா நமக்குக் காது இருக்கு. நாதஸ்வரம், கூத்துன்னு வந்தாலும் இருக்கு. சினிமாப் பாட்டு மேடைன்னு வந்ததும் காதைக் கழட்டி வெச்சுட்டு, மூளையில இருக்கிற கேசட்டோட ஒப்பிட ஆரம்பிச்சுடறோம். ஏன்?

ஏன்னா சினிமாப் பாட்டை நாம ஒரு பொருளாத்தான் வாங்கினோம். அது யாரோ சில பேர் ஒரு நாள் கூடி உட்கார்ந்து செஞ்ச வேலைங்கிறது நமக்குத் தெரியவே தெரியாது. கேசட் அட்டையில படத்துப் பேர் இருக்கும், பாடினவர், எழுதினவர், இசையமைச்சவர் இருப்பாங்க. வாசிச்சவன்? அவன் பேரு எங்கே இருந்துச்சு? கிட்டார் சதானந்தம், பேஸ் சசிதரன், டிரம்ஸ் புருஷோத்தமன், வயலின் வி.எஸ்.நரசிம்மன், புல்லாங்குழல் நெப்போலியன்... இவங்க பேரெல்லாம் நமக்கு எப்போ தெரிஞ்சுது? பதிவர்கள் தோண்டித் தோண்டி எழுதின பிறகு, இல்லேன்னா மேடையில பார்த்த பிறகு. நெப்போலியன்தான் அருண்மொழிங்கிற பேர்ல பாடினவர்னு தெரிஞ்சப்போ எத்தனை பேர் ஙேன்னு முழிச்சோம்!

அதே லண்டன், அதே அரங்கம்

ஒரு ஒப்பீடு சொல்றேன்.

லெனார்ட் கோஹன். கனடாக்காரர், கவிஞர், தானே எழுதித் தானே பாடறவர். அவரோட மேனேஜர் அவர் சேமிப்பைச் சுரண்டிட்டதால, வயசான காலத்துல மறுபடி ஊர் ஊராக் கச்சேரிக்குக் கிளம்ப வேண்டியதாப் போச்சு. 2008 ஜூலை 17, லண்டன் ஓ2 அரங்கம். அவருக்கு அப்போ எழுபத்து மூணு. அந்த ஒரு ராத்திரி முழுசாப் பதிவாகி 2009ல் 'லைவ் இன் லண்டன்'னு ரெட்டை சிடியா வந்தது. அதுல பாட்டுக்கு நடுவுல அந்த மனுஷன் ஒவ்வொரு வாத்தியக்காரனையும் பேர் சொல்லி, ரெண்டு வார்த்தை புகழ்ந்து அறிமுகப்படுத்துவார். ஸ்பெயின்லேர்ந்து வந்த தந்தி வாத்தியக்காரர் ஹாவியர் மாஸ் பேர் எனக்கு அதுலேர்ந்துதான் தெரியும். குரல் அடியாழத்துக்கு இறங்கிப்போச்சு. ஸ்டுடியோப் பதிவு மாதிரி இல்லவே இல்லை. அதனாலதான் நல்லா இருக்கு. பழைய பாட்டுகளை ஒரு கிழவர் மறுபடி படிச்சுப் பாக்கிறது அது.

பாப் மார்லி? அவரோட ரொம்பப் பிரபலமான பாட்டு ஒண்ணு, 1974 ஆல்பத்துல வந்தப்போ சும்மா வந்துட்டுப் போச்சு. 1975 ஜூலையில் லண்டன் லைசியம் அரங்கத்துல கூட்டமே சேர்ந்து பாடின பதிவுதான் உலகத்தைச் சுத்திச்சு. ஜமைக்காக்காரன் கடல் தாண்டிப் போய்ப் பாடின ராத்திரிதான் 'ஒரிஜினல்' ஆச்சு!

இப்போ நம்ம கதை. 2013 பிப்ரவரி 16, ராஜா டொரான்டோ ரோஜர்ஸ் சென்டர்ல வட அமெரிக்காவில் முதல் தடவையா மேடை ஏறினார். அப்புறம் நியூ ஜெர்சி, சான் ஹோசே. அதே வருஷம் ஆகஸ்ட் 24, அதே லண்டன் ஓ2. கோஹன் நின்ன அதே இடம். அந்த ராத்திரியைக் கேக்கணும்னா நான் என்ன பண்றேன்? எவனோ மேல் வரிசையில உட்கார்ந்து செல்போன்ல எடுத்தது, நடுவுல அவன் பக்கத்துல ஒரு குழந்தை அழுறது, அவன் நண்பன் "மச்சி, அடுத்து இந்தப் பாட்டுதாண்டா"ன்னு பந்தயம் கட்டுறது... இதைத்தான் கேக்கறேன். அந்த முகம் தெரியாத நண்பனுக்கு நன்றி. அவன் இல்லேன்னா அதுவும் கிடையாது. ஆனா அம்பது வருஷ இசைக்கு நாம வெச்சிருக்கிற ஆவணம் இதுதானா?

1993ல் லண்டனில் ராயல் பில்ஹார்மானிக் ஆர்கெஸ்ட்ரா ராஜாவோட சிம்பொனியை வாசிச்சுப் பதிவு பண்ணிச்சு. ஜான் ஸ்காட் நடத்தினார். நாமெல்லாம் ஆசியாவிலேயே முதல் ஆளுன்னு மார் தட்டினோம். அந்தப் பதிவு இன்னிக்கு வரைக்கும் முறையா வெளியே வரலை. 2025 மார்ச் 8ல் லண்டன் ஈவென்டிம் அப்போலோவில் 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறினப்போ வாழ்த்துச் சொன்ன கூட்டத்தில் எத்தனை பேர் "1993 பதிவு எங்கே?"ன்னு கேட்டோம்? சர்டிபிகேட் கைக்கு வந்தாச்சு, பாட்டு எதுக்கு!

எங்க ஏரியா மேடை

ஓ2வை விடுங்க. நம்ம சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், சிட்லபாக்கம், பம்மல், பெருங்களத்தூர் பக்கம் வாங்க.

ஆடி மாசம் அம்மன் கோயில்ல கூழ் ஊத்தின அன்னிக்கு ராத்திரி மெல்லிசைக் கச்சேரி. இதுல வளர்ந்தவன் நான். கீபோர்டு ரெண்டு, கிட்டார், பேஸ், டோலக், தபேலா, டிரிபிள் காங்கோ, ரிதம் பேடு, அஞ்சாறு பாடகர்கள், ஒரு மிமிக்ரி. சீட்டு எழுதி மேடைக்கு அனுப்பினா பாடுவாங்க. எங்க தெருவுல ஒரு அண்ணன் அப்படி ஒரு குழுவுல பேஸ் வாசிச்சார். பகல்ல கம்பெனி வேலை, ராத்திரி கச்சேரி. நோட்ஸ் எல்லாம் கேசட்டைத் தேயத் தேயக் கேட்டுத் தானே எடுத்தது.

ஒரு தடவை நடுப் பாட்டுல கரண்ட் போயிடுச்சு. கீபோர்டு போச்சு, கிட்டார் போச்சு, மைக் போச்சு. டோலக்கும் தபேலாவும் மட்டும் நிக்கலை. பாடின பையன் மேடை ஓரத்துக்கு வந்து வெறும் தொண்டையில பாடினான். கீழ உட்கார்ந்திருந்த ஜனம் பல்லவியை எடுத்துக்கிச்சு. பேஸ் அண்ணன் கிட்டாரைக் கீழ வெச்சுட்டு, தன் பகுதியை வாயால பாடினார்! சரணம் முடியறப்போ கரண்ட் வந்துச்சு. அத்தனை வாத்தியமும் ஒண்ணாச் சேர்ந்து விழுந்துச்சு பாருங்க... முப்பது வருஷம் ஆச்சு, இன்னும் எனக்கு அந்தப் பாட்டுன்னா அந்த ராத்திரிதான். சிடியில இருக்கிறது இல்லை.

இப்போ அதே கோயில்ல மூணு பேர், ஒரு லேப்டாப். மைனஸ் ஒன் டிராக் ஓடும், மேல பாடுவாங்க. "அப்படியே சிடி மாதிரி" இருக்கும், ஏன்னா அது சிடிதான்! கமிட்டிக்காரரைக் குத்தம் சொல்ல மாட்டேன். பன்னெண்டு பேருக்குக் குடுக்கிற காசு எங்கே, மூணு பேருக்குக் குடுக்கிறது எங்கே. ஆனா கமிட்டிக்காரருக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது யாரு? நாமதான். சிடி மாதிரி இருந்தாத்தான் நல்ல கச்சேரின்னு இருபது வருஷம் சொன்னோம். சரிதான்னு சிடியவே போட்டுட்டாங்க.

பேஸ் அண்ணன் ஆம்ப்ளிஃபையரை வித்துட்டார். அவர் வாசிச்ச நூத்துக்கணக்கான ராத்திரியில ஒண்ணுகூடப் பதிவா இல்லை. "எதுக்குடா தம்பி பதிவு, நாங்க வாசிச்சது ஒரிஜினலா என்ன?"ன்னு அவரே கேக்கிறார். இந்த வியாதி எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது. வாசிச்சவனே தன்னை நகல்னு நம்பறான்.

பெரிய மேடையில மட்டும் என்ன வாழுது? 2023 செப்டம்பர் 10, நம்ம தெற்குப் பக்கம்தான், பனையூர் ஆதித்யராம் பேலஸ் சிட்டியில் ஏ.ஆர்.ரஹ்மான் கச்சேரி. டிக்கெட் வெச்சிருந்தவங்களே உள்ள போக முடியாம திரும்பினாங்க, ஈ.சி.ஆர். ஸ்தம்பிச்சுது, தாம்பரம் காவல் ஆணையரகம் விசாரணை நடத்திச்சு. ஊரே பேசிச்சு, பேச வேண்டியதுதான். ஆனா பேச்செல்லாம் கேட், கூட்டம், பார்க்கிங், ரீஃபண்டு. அன்னிக்கு யார் என்ன வாசிச்சாங்கன்னு யாரும் பேசி நான் கேக்கலை.

சட்டம் என்ன சொல்லுது?

இதெல்லாம் ரசனை விஷயம், உன் ரசனை உனக்குன்னு சொல்லித் தப்பிக்க முடியாது. இதுல காசும் பேரும் இருக்கு.

1957 காப்புரிமைச் சட்டத்துல வாசிக்கிறவனுக்கு ஒண்ணுமே கிடையாது. 1994 திருத்தத்துலதான் 'நிகழ்த்துவோர் உரிமை' வந்தது. மேடையில வாசிக்கிறவனைக் கேக்காம அந்த வாசிப்பைப் பதிவு பண்ணி விக்கக் கூடாது. அம்பது வருஷத்துக்கு அந்த உரிமை அவனுது. 2012 திருத்தம் இன்னும் ஒரு படி மேல போய், 'இதை நிகழ்த்தினது நான்'னு தன் பேரைக் கேட்டு வாங்கற உரிமையையும் கொடுத்தது. யோசிச்சுப் பாருங்க. ரெக்கார்டிங் தியேட்டருக்கு வந்து, கால்ஷீட்டுக்குக் காசு வாங்கிட்டு, பேர் இல்லாமப் போன ஒரு தபேலாக்காரர், ஒழுங்கா வெளியிட்ட ஒரு லைவ் ஆல்பத்துல பேரோட, பங்கோட நிக்கலாம். எம்.பி.சீனிவாசன் சினிமா இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டினது எதுக்காக? இந்த மாதிரி ஒரு மரியாதைக்காகத்தானே?

லைவ் ஆல்பமே வேண்டாம், ஒரிஜினல் போதும்னு சொல்றவர் தெரிஞ்சோ தெரியாமலோ சொல்றது இதுதான்: பேரில்லாதவன் பேரில்லாமலே போகட்டும்.

2017 மார்ச்சில் அமெரிக்காவில் எஸ்.பி.பி. சுற்றுப்பயணத்துல இருந்தப்போ ராஜா தரப்புலேர்ந்து வக்கீல் நோட்டீஸ் போச்சு, அனுமதி இல்லாம என் பாட்டைப் பாடாதீங்கன்னு. நாம ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு அடிச்சுக்கிட்டோம். இசையமைச்சவனுக்கு உரிமை உண்டு, அதுல எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனா அந்தச் சண்டை பூரா பாட்டு யாருதுங்கிற சண்டை. அந்த மேடையில வாசிச்சவங்களைப் பத்தி ஒரு வரி? கிடையாது.

கொஞ்சம் பின்னாடி போங்க. ஒரு காலத்துல எஸ்.பி.பி. ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார். அதுல வாசிச்சது ராஜா, பாஸ்கர், கங்கை அமரன். அதுக்கும் முன்னாடி ராஜா தன் அண்ணன் பாவலர் வரதராஜன் கூட ஊர் ஊராப் போய் மேடையில வாசிச்சவர். ரெண்டு பேரும் மேடையில பிறந்தவங்க. அந்தக் கச்சேரிகள்ல ஒண்ணோட ஒலிப்பதிவு நான் கேட்டதில்லை. கேட்டவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, தாம்பரத்துலேர்ந்து நடந்தே வர்றேன். 2019 ஜூன்ல ரெண்டு பேரும் மறுபடி ஒரே மேடையில நின்னாங்க. 2020 செப்டம்பர் 25ல் எஸ்.பி.பி. போயிட்டார். டிரம்ஸ் புருஷோத்தமனும் இப்போ இல்லை. ஒவ்வொருத்தராப் போயிட்டு இருக்காங்க, மக்களே. மீட்டர் கேஜ் ரயில் கதைதான்.

ஆக...

நான் கேக்கிறது பெரிய விஷயமில்லை. கச்சேரி நடத்துறவங்க சவுண்டு போர்டுலேர்ந்து பதிவு பண்ணுங்க. பண்ணினதை வெளியிடுங்க, தேதி போட்டு, ஊர் போட்டு, வாசிச்ச ஒவ்வொருத்தர் பேரும் போட்டு. அவங்களுக்குப் பங்கு கொடுங்க. தப்பு இருந்தா இருக்கட்டும், ஸ்டுடியோல உட்கார்ந்து வழிச்சுத் துடைக்காதீங்க. டிராக் போட்டுப் பாடறதா இருந்தா டிக்கெட்லயே அச்சடிங்க. பழைய டேப்பெல்லாம் பீரோல வெச்சிருக்கிறவங்க, பூஞ்சை பிடிக்கிறதுக்கு முன்னாடி வெளியே எடுங்க.

நாம? அடுத்த கச்சேரிக்குப் போனா ஒரே ஒரு வாத்தியக்காரர் பேரையாவது தெரிஞ்சுக்கிட்டு வருவோம். லைவ் ஆல்பம் வந்தா காசு குடுத்து வாங்குவோம். அப்புறம் அந்த மூணு வார்த்தை, "அப்படியே சிடி மாதிரி", அதை இனிமே யாரும் பாராட்டாச் சொல்லாதீங்க. சொன்னா டீ என் மேல கொட்டும்.

நேத்து ராத்திரி மொடேனா சிடியைப் பேஸ் அண்ணன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். முதல்ல "ஒரிஜினல் மாதிரி இல்லையே"ன்னார். அப்புறம் பேச்சை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழிச்சு அவர் வலது கை விரல் ரெண்டும் லுங்கி மேல நடக்க ஆரம்பிச்சுது. முடிஞ்சதும் கேட்டார்: "பேஸ் யாருடா வாசிக்கிறது?"

இந்தக் கேள்வியைத்தான் நாம கேக்கணும்.

டிஸ்கி: ராஜா ரசிகன், ரஹ்மான் ரசிகன்னு கோஷ்டி பிரிச்சுக் கும்மியடிக்க வர்றவங்க, ரெண்டு பேரோட குழுவுல இருந்தும் தலா அஞ்சு வாத்தியக்காரர் பேரைச் சொல்லிட்டு ஆரம்பிக்கவும். :-)